அலையும் துகளும் ஆளும் நெறியும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்த மெர்லிமாவ், இரப்பரோடு தன் வரலாற்றைப் பிணைத்துக்கொண்ட வட்டாரங்களுள் ஒன்று. மலாயாவில் வாணிக நோக்கோடு இரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டதே மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பின்னர் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசகானில் அது பெருந்தோட்டமாக விரிந்தது. அதன்பின் காடுகள் திருத்தப்பட்டன. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர். விடியற்காலைப் பிரட்டும், நிரையும், மங்கும், வாளியும் அவர்தம் வாழ்வாயின.

சீவிய மரத்தடியில் மங்கில் சொட்டிச் சேர்ந்த பாலைக் கண்டவர் பலர். அசைவற்று, ஆடை படிந்தாற்போல் அது தோன்றும். ஆனால், அப்பாலின் ஒரு துளியை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினால் வேறோர் உலகம் புலனாகும். கண்ணுக்குத் தெரியாத இரப்பர்த் துகள்கள் எண்ணற்றவை அதனுள் மிதக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் ஓய்ந்திருப்பதில்லை. வலம் செல்லும், உடனே இடம் திரும்பும், மேலெழும், கீழ்ப்படும். அடுத்த நொடியில் அது எங்கே இருக்கும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்லவியலாது.

இத்தகைய தற்செயல் இயக்கத்தை அளப்பது எப்படி? அளந்தபின் அதை நமக்கு வேண்டிய திசையில் செலுத்துவது எப்படி? இவ்விரு வினாக்களின் விடையாக வளர்ந்ததே, பல பரிமாணங்களில் நிகழும் தற்செயல் இயக்கத்தின் உகந்த கட்டுப்பாடு என்னும் கணிதத்துறை. அதன் வரலாற்றில் இரப்பர்ப் பாலுக்கும் ஓர் இடமுண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த மாணவர் ஒருவருக்குச் சிறப்பிடமுண்டு.

பாலுக்குள் ஓர் ஆய்வு

1827ஆம் ஆண்டு கோடையில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாவரவியலார் இராபர்ட் பிரௌன், மகரந்தத்தின் உள்ளிருந்த நுண்துகள்கள் நீரில் இடைவிடாது துடிப்பதைக் கண்டார். உயிர்ப்பொருள் என்பதால் அசைகின்றனவோ என்று முதலில் ஐயுற்றார். பின்னர்க் கல்லைப் பொடித்து நீரிலிட்டுப் பார்த்தார். கற்பொடியும் அவ்வாறே துடித்தது. ஆகவே, அசைவு உயிரின் குறியன்று என்பது தெளிவாயிற்று. எனினும், அதன் காரணம் புலப்பட முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

1905இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் அக்காரணத்தைக் கணக்கால் நிறுவினார். நீரின் மூலக்கூறுகள் ஓயாது துகளைத் தாக்குகின்றன. எல்லாப் பக்கத்துத் தாக்குதலும் எப்போதும் சமமாக இருப்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வே துகளை அலைக்கழிக்கிறது. துகள் செல்லும் பாதையை அவர் கூற முனையவில்லை. ஒரு துகள் புறப்பட்ட இடத்திலிருந்து சராசரியாக எவ்வளவு தொலைவு விலகியிருக்கும் என்பதை மட்டும் கூறினார். காலம் நான்கு மடங்கானால் விலகும் தொலைவு இரு மடங்காகும். ஒன்பது மடங்கானால் மூன்று மடங்காகும். தனித்துகளின் செயல் குழப்பமே. ஆனால், குழப்பத்தின் அளவுக்கு ஒரு சட்டம் உண்டு.

இச்சட்டத்தைச் சோதிக்க முற்பட்டவருள் ஒருவர் பாரிஸ் நகரத்து விக்தோர் ஆன்ரி. 1908ஆம் ஆண்டில் அவர் உருப்பெருக்கியோடு திரைப்படக் கருவியை இணைத்து, இரப்பர்ப் பாலின் துகள்களைச் சிறு கால இடைவெளிகளில் தொடர்ச்சியாகப் படமெடுத்தார். பாலில் அமிலம் சேர்த்தபோது துகள்களின் அசைவு குறைந்ததையும் அவர் கண்டார். அவர் பெற்ற தொலைவளவுகள் ஐன்ஸ்டைனின் கணக்கோடு பொருந்தவில்லை. ஆயினும், ழான் பெர்ரன் என்பாரும் அவருடைய மாணவரும் வேறொரு மரப்பிசினைக் கொண்டு நுட்பமாக அளந்து, கணக்கே சரியென்று காட்டினர். அணு உண்மையானது என்பதை ஐயமற நிலைநாட்டியவற்றுள் அவ்வளவைகள் தலையாயவை. பெர்ரனுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாரிஸ் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட செய்தியின் மறுபக்கத்தைத் தோட்டத்துப் பால் கொட்டகையில் பணிபுரிந்தோர் நாள்தோறும் கையாண்டு வந்தனர். இரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே அலைகின்றன. பாலில் பார்மிக் அமிலத்தைத் தக்க அளவில் கலந்தால் அம்மின்னூட்டம் தணிகிறது; துகள்கள் ஒட்டித் திரள்கின்றன; பால் உறைந்து கட்டியாகிறது. உறையாமல் காக்க வேண்டின் அம்மோனியா சேர்ப்பர். எந்தத் துகளையும் எவரும் கையால் பிடித்து நிறுத்துவதில்லை. துகள் இயங்கும் சூழலை மாற்றுகின்றனர். இயக்கத்தின் போக்கு மாறுகிறது. தற்செயலை ஆளும் கலையின் முதற்பாடம் இதுவே.

எண்ணாகிய அலைவு

ஐன்ஸ்டைனுக்கு முன்பே, 1900இல், லூயி பாஷலியே என்னும் பிரெஞ்சு மாணவர் பங்குச்சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்தை இதே வகைக் கணக்கால் விளக்கியிருந்தார். 1923இல் அமெரிக்கரான நார்பர்ட் வீனர் இவ்வியக்கத்திற்குக் கண்டிப்பான கணித வடிவம் தந்தார். 1931இல் இரஷ்ய அறிஞர் கொல்மகோரோவ், நிகழ்தகவு காலத்தோடு எவ்வாறு பரவுகிறது என்பதற்கான சமன்பாடுகளை வகுத்தார். 1942இல், போர்க்கால ஜப்பானில், அரசின் புள்ளியியல் அலுவலகத்தில் பணியாற்றிய கியோஷி இத்தோ, அலையும் பாதைகளுக்கே உரிய ஒரு நுண்கணிதத்தைப் படைத்தார். அவருடைய முறையில் ஓர் இயக்கம் இரு கூறுகளால் ஆனது. ஒன்று இழுப்பு, அது துகளை ஒரு திசையில் கொண்டுசெல்வது. மற்றொன்று சிதறல், அது துகளை எத்திசையிலும் அலைக்கழிப்பது.

பரிமாணம் கூடும்போது இயக்கத்தின் இயல்பே மாறுகிறது என்பதை 1921இல் ஜார்ஜ் போல்யா நிறுவினார். ஒரு கோட்டின் மீது முன்னும் பின்னுமாகத் தற்செயலாக அடியெடுத்து வைப்பவன் என்றேனும் புறப்பட்ட இடத்திற்குத் திரும்புவது உறுதி. தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த நகரில் அவ்வாறு நடப்பவனும் திரும்பிவிடுவான். ஆனால், மேலும் கீழும் செல்லக்கூடிய மூன்றாம் பரிமாணம் சேர்ந்துவிட்டால் அவ்வுறுதி அற்றுப்போகிறது. மீளும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 34 மட்டுமே. ஒரு பரிமாணத்தில் கற்ற பாடத்தைப் பல பரிமாணங்களுக்கு அப்படியே நீட்டலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாதையன்று, நெறி

சங்கச் சான்றோராகிய கணியன் பூங்குன்றனார் உயிர் வாழ்க்கையைப் பேராற்று நீரின் வழியே செல்லும் புணைக்கு ஒப்பிட்டார். புணை நீரின் போக்கிலேயே செல்லும். அப்புணையில் துடுப்பொன்றும் இருந்தால், நீரின் வலிமைக்கும் துடுப்பின் வலிமைக்கும் இடையே ஆற்றத்தக்கது எவ்வளவு? கட்டுப்பாட்டுக் கணிதத்தின் வினா அதுவே.

மெர்லிமாவுக்கு அணித்தேயுள்ள கடற்கரைக்கு, மலாக்கா நீரிணையில் மீன்பிடித்து மீளும் படகொன்றை எண்ணிப் பார்க்கலாம். நீரோட்டம் ஒருபுறம் தள்ளும். காற்று நினையாத நேரத்தில் திசை மாறும். புறப்படும்போதே, இந்நேரத்தில் சுக்கானை இப்பக்கம் திருப்புக, அந்நேரத்தில் அப்பக்கம் திருப்புக என்று முழுப் பயணத்திற்கும் கட்டளை எழுதி வைத்தால் பயனில்லை. முதல் காற்றிலேயே அக்கட்டளை பிழையாகிவிடும். படகோட்டிக்கு வேண்டியது ஒரு பாதையன்று, ஒரு நெறி. எவ்விடத்தில் எந்நேரத்தில் இருக்க நேர்ந்தாலும், அங்கிருந்து செய்யத்தக்கது இன்னது என்று கூறும் நெறி.

இதைக் கணிதமாக்கியவர் அமெரிக்கரான ரிச்சர்ட் பெல்மன். 1957இல் வெளிவந்த அவருடைய நூல் இயங்குநிலைத் திட்டமிடல் என்னும் முறையை விளக்கிற்று. கரையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது அம்முறை. கரையை ஒட்டிய இடங்களிலிருந்து கரை சேர்வதற்காகும் செலவு முதலில் கணக்கிடப்படும். அதைக் கொண்டு அடுத்துள்ள இடங்களின் செலவு. அதைக் கொண்டு அதற்கும் அப்பாலுள்ளவற்றின் செலவு. எவ்வழியாக ஓரிடத்திற்கு வந்திருந்தாலும், அங்கிருந்து எஞ்சிய பயணம் சிறந்ததாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கடந்துபோன பிழையை எண்ணி வருந்துவதற்கு அதில் இடமில்லை.

ஆனால், பெல்மனே ஓர் இடரைச் சுட்டி, அதைப் பரிமாணத்தின் சாபம் என்று பெயரிட்டார். ஒரு கோட்டில் 10 இடங்களைக் குறித்துக் கணக்கிட்டால் போதுமெனின், மூன்று பரிமாணங்களில் 1,000 இடங்கள் வேண்டும். பத்துப் பரிமாணங்களில் 1,000 கோடி இடங்கள் வேண்டும்.

மற்றுமோர் இடர் இன்னும் ஆழமானது. மிகச் சிறந்த நெறி பெரும்பாலும் திடுமென மாறுவதாக அமையும். ஓர் எல்லைக்கு இப்பால் சுக்கானை முற்றிலும் இடம் திருப்புக என்றும், அப்பால் முற்றிலும் வலம் திருப்புக என்றும் அது கூறும். எல்லையோரத்தில் அலையும் படகு நொடிக்கு நொடி இரு கட்டளைகளுக்கும் ஆளாகிறது. அவ்வாறு செலுத்தப்படும் இயக்கம் ஒன்று உண்மையில் உண்டா? உண்டெனின், அது ஒன்றேயா? இத்தோவின் முறை, இழுப்பும் சிதறலும் சீராக மாறும் இடங்களில்தான் விடை தந்தது. ஒரு பரிமாணத்தில் வில்லியம் ஃபெல்லர் 1950களில் விடை கண்டார். அவருடைய வழி பல பரிமாணங்களில் செல்லவில்லை. இங்கேதான் தமிழ்நாட்டு அறிஞரின் பங்கு வருகிறது.

பொன்னேரியிலிருந்து நியூயார்க் வரை

எஸ். ஆர். சீனிவாச வரதன் 1940ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய தந்தையார் அறிவியல் ஆசிரியர். பின்னாளில் பொன்னேரி உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர். பொன்னேரி அந்நாளில் சிற்றூர். அங்கிருந்த கணித ஆசிரியர் ஒருவர், மாணவர் சிலரை வார இறுதியில் தம் இல்லத்திற்கு அழைத்து, பாடநூலில் இல்லாத கணக்குகளைத் தந்து, அவற்றை விளையாட்டாகக் கருதித் தீர்க்கும்படி ஊக்கினார். கணிதம் தேர்வுக்குரிய சுமையன்று, அறிவுக்குரிய இன்பம் என்பதை வரதன் அறிந்தது அவ்வில்லத்தில்தான். பல்லாண்டுகளுக்குப் பின்னும் அந்த ஆசிரியரை அவர் மறவாது நினைவுகூர்ந்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் பயின்று 1959இல் பட்டம் பெற்ற வரதன், கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்குப் பேராசிரியர் சி. ஆர். ராவ் வழிகாட்டியாக அமைந்தார், கே. ஆர். பார்த்தசாரதி, ஆர். ரங்கா ராவ், வி. எஸ். வரதராஜன் ஆகியோர் உடன் ஆய்ந்தனர். தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தை ஆராயும் பணியை எண்ணி வந்தவரைத் தூய நிகழ்தகவுக் கணிதத்தின்பால் ஈர்த்தது அக்கூட்டுறவே. 1962இல் கொல்மகோரோவ் அந்நிறுவனத்திற்கு வருகை புரிந்தார்; வரதனுடைய ஆய்வேட்டை மதிப்பிட்டவருள் அவரும் ஒருவர். 1963இல் வரதன் நியூயார்க் சென்று கூரண்ட் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கு டேனியல் ஸ்ட்ரூக் என்பாரோடு இணைந்து 1969இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் மேற்கண்ட இடரைத் தீர்த்தன. துகளின் பாதையை அடியடியாகக் கட்டி எழுப்புவதை இருவரும் கைவிட்டனர். மாறாக, பாதைகள் அனைத்தின் தொகுதியையும் நோக்கினர். அலையும் துகளின் இருப்பிடத்தைப் பொறுத்த எந்த அளவையை எடுத்துக்கொண்டாலும், எதிர்பார்க்கத்தக்க மாற்றத்தை அதிலிருந்து கழித்துவிட்டால், எஞ்சுவது எப்பக்கமும் சாயாத நேர்மையான ஆட்டமாக இருத்தல் வேண்டும். இந்நிபந்தனை ஒன்றே அவ்வியக்கத்தின் இலக்கணம் என்றனர். சிதறல் எங்கும் அற்றுப்போகாமலும் தொடர்ச்சியாகவும் இருந்தால், இழுப்பு ஒரு வரம்புக்குள் நின்று திடுமென மாறினாலும், அத்தகைய இயக்கம் உண்டு, ஒன்றே உண்டு என்று நிறுவினர். எல்லையின் இருபுறமும் வெவ்வேறு கட்டளை தரும் நெறியும் பொருளுடையதே என்பது இதனால் உறுதியாயிற்று. இவ்வாய்வுகளைத் தொகுத்த அவர்களது நூல் 1979இல் வெளிவந்தது.

இவ்வடித்தளத்தின் மீது பலர் கட்டினர். ஃபிளெமிங், ரிஷல் ஆகியோரின் நூல் 1975இலும், இரஷ்யரான கிரிலோவின் நூல் 1977இலும் வெளிவந்தன. நெறியின் செலவைக் குறிக்கும் சமன்பாட்டிற்கு வழுவழுப்பான விடை இல்லாத இடங்களிலும் பொருள் கொள்ளும் வழியை 1983இல் கிரேண்டலும் லியோன்ஸும் காட்டினர். இந்தியாவில் விவேக் போர்க்கர் இத்துறையில் முன்னோடியாக உழைத்தார். விரவல் இயக்கங்களின் உகந்த கட்டுப்பாடு குறித்து 1989இல் நூலொன்றும் எழுதினார். வரதனுக்கு 2007இல் ஏபல் பரிசு கிடைத்தது. அப்பரிசு சிறப்பாகக் குறிப்பிட்டது, அரிதினும் அரிதான பெருவிலகல்களைப் பற்றிய அவருடைய ஒருங்கிணைந்த கோட்பாட்டையாகும்.

ஒற்றைக் கண்ணால் ஓட்டிய கப்பல்

இக்கணிதம் உருவாவதற்கு முன்பே, தற்செயலாக அலையும் ஒன்றை நெறிவகுத்து ஆளும் முயற்சி ஒன்று மலாயாவில் நடைபெற்றது. மெர்லிமாவ் வட்டாரத்தையும் அது தொட்டது. அலைந்தது இரப்பரின் விலை.

1910இல் இலண்டனில் இராத்தலுக்கு 12 ஷில்லிங்குக்கு மேல் விற்ற இரப்பர், முதல் உலகப் போருக்குப் பிந்திய மந்தத்தில் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே வீழ்ந்தது. 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மலாயா, இலங்கைத் தோட்டங்கள் ஒவ்வொன்றிற்கும் ஒரு நிலையான உற்பத்தியளவு குறிக்கப்பட்டது. அதில் நூற்றுக்கு இத்தனை பங்கைத்தான் குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம். சென்ற மூன்று மாதத்துச் சராசரி விலை 1 ஷில்லிங் 3 பென்னியை எட்டினால் பங்கு கூடும், விலை தாழ்ந்தால் குறையும். இன்றைய மொழியில் கூறினால், நிலையைக் கண்டு செயலை மாற்றும் ஒரு நெறியே இது.

நெறி இருந்தது, ஆனால், அது நோக்கியது விலை என்னும் ஒரே பரிமாணத்தை. டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் திட்டத்தில் சேரவில்லை. 1925இல் விலை 4 ஷில்லிங்கைக் கடந்தபோது அங்குள்ள சிறுதோட்டக்காரர் மேலும் மேலும் கன்றுகளை நட்டனர். இரப்பர்க் கன்று பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஆதலின், சென்ற காலாண்டின் விலையைப் பார்க்கும் கண்ணுக்கு, மண்ணில் வளர்ந்துகொண்டிருந்த நாளைய பால் தெரியவில்லை. எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அனைத்தையும் உள்ளடக்கியதே ஓர் இயக்கத்தின் நிலை என்பது கட்டுப்பாட்டுக் கணிதத்தின் முதல் இலக்கணம். விலையோடு, நட்ட கன்றுகளும், கிடங்கிலிருந்த இருப்பும், அமெரிக்கர் பழைய இரப்பரை மீட்டுப் பயன்படுத்தியதும் அந்நிலையின் பரிமாணங்களே. அவற்றை விட்டுவிட்ட திட்டம் 1928 நவம்பரில் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில், 1932இல், விலை 3 பென்னிக்கும் கீழே சென்றது. டச்சுப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்ட உடன்படிக்கை 1934இல்தான் ஏற்பட்டது.

அந்த மந்தத்தின் சுமை யார் தோளில் விழுந்தது? தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. 1930 முதல் 1932 வரை தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் வேலையிழந்து கப்பலேற்றித் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பால்மரம் சீவிய கைகளின் வாழ்வு, ஸ்டீவன்சன் திட்டத்தின் தராசில் ஓர் எடையாகவும் வைக்கப்படவில்லை.

இவ்விடத்தில் கணிதம் ஒரு செய்தியைத் தெளிவாகக் கூறுகிறது. உகந்தது என்று தனியே ஒன்றில்லை. ஒரு செலவை வரையறுத்த பின்னரே உகந்தது எது என்னும் வினாவிற்குப் பொருள் உண்டு. பெல்மனின் முறையும், வரதனின் தேற்றமும், அச்செலவு இன்னதென வகுத்துக் கொடுத்த பின்னரே பணிசெய்யத் தொடங்கும். எதைச் செலவாகக் கொள்வது, எவருடைய துன்பத்தைக் கணக்கில் சேர்ப்பது என்பதைச் சமன்பாடு தீர்மானிப்பதில்லை, மனிதர் தீர்மானிக்கின்றனர்.

முடிவுரை

மகரந்தத் துகளின் துடிப்பில் தொடங்கிய ஆராய்ச்சி இரு நூற்றாண்டுகளில் நெடுந்தொலைவு வந்துள்ளது. தற்செயலை ஒழிக்க இயலாது; ஆயினும், அதை அளக்கலாம்; நெறிவகுத்துச் செலுத்தலாம். அதற்கு நிலையின் எல்லாப் பரிமாணங்களையும் காணும் கண் வேண்டும். செலவில் எவரையும் விட்டுவிடாத மனம் வேண்டும்.

மெர்லிமாவ் வட்டாரத்தின் பழைய இரப்பர் நிலங்கள் பலவற்றில் பின்னாளில் செம்பனை இடம்பெற்றது. பால் சீவிய தலைமுறையின் பேரக்குழந்தைகள் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுக்கு நிகழ்தகவைக் கற்பிக்கும் ஆசிரியர், பாட்டனாரின் மங்கில் ததும்பிய பாலிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். ஆன்ரி படமெடுத்த துகள்களும் அத்தகைய பாலில் இருந்தவையே. பொன்னேரியில் ஒரு கணித ஆசிரியர் தம் வார இறுதிகளை மாணவருக்கு ஈந்தார். அக்கணக்குகளில் எது எம்மாணவனை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதை அவர் முன்னறிந்திருக்க முடியாது. அறியாமலே கொடுத்தார், கொடுத்தது வீண்போகவில்லை.